கோலம் போட்டு முடிக்கும்வரை திறக்காத லேப்டாப்

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 54 வயது. சிவகாசியில் வீட்டிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக், சீசனில் தினசரி காலண்டர் தாள் என்று வரும். பேஜ்மேக்கர், கோரல் டிரா, போட்டோஷாப்பில் வேலை. தமிழ் எழுத்துக்கு, டாங்கிள் என்ற உரிமச் சாவியைச் செருகினால்தான் ஓடும் பழைய சாஃப்ட்வேர் ஒன்று வைத்திருக்கிறேன். லேப்டாப் 2017 தீபாவளிக்கு வாங்கியது: ஐ5 ஏழாம் ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. காலையில் ஆன் செய்துவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தால்தான் திறந்திருக்கிறது. கோரலையும் போட்டோஷாப்பையும் சேர்த்துத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. பெங்களூரில் இருக்கும் மகன், "தூக்கிப் போடும்மா, புதுசு வாங்கு" என்கிறான். கடையில் கேட்டால், விண்டோஸ் 10 முடிந்துபோச்சு, இனிமேல் வைரஸ் வரும் என்கிறார்கள். புதுசு 68,000 ரூபாய். பழசுக்கு 4,000 கழித்துக்கொள்வார்களாம். 'ஏஐ லேப்டாப்' என்று ஒன்றைக் காட்டினார்கள். பட்டனைத் தொட்டதும் திறந்தது, ஆசையாகத்தான் இருந்தது. நான் மவுஸ் வைத்துத்தான் வேலை பார்ப்பேன். டச்பேட் கொஞ்ச நாளாக அமுங்குவதே இல்லை, ஆனால் அது எனக்குத் தேவையும் இல்லை. காலண்டர் சீசன் தொடங்கும் ஆடிக்கு இன்னும் நாலு மாதம்தான். புதுசு வாங்குவது லாபமா? வாங்கினால் பழையதைப் பேத்திக்குக் கொடுக்கலாமா?

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுத் தாண்டிப்போன ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். டச்பேட் அமுங்கவில்லை என்கிறீர்களே, அந்த வரி. லேப்டாப் புதுசா பழசா என்ற பேச்சையெல்லாம் ஒரு நாள் தள்ளிப்போடலாம். இதைத் தள்ளிப்போட முடியாது.

2017-ல் வந்த பல லேப்டாப்புகளில் டச்பேடுக்கு நேர் கீழே இருப்பது பேட்டரி. வருஷக்கணக்காக சார்ஜரிலேயே செருகி, நூறு சதவீதத்திலேயே நிற்கும் லித்தியம் பேட்டரிக்கு வயதானால் உள்ளே வாயு சேர்ந்து தலையணை மாதிரி உப்பும். மேலே இருக்கும் டச்பேடுக்குக் கீழே போக இடம் இருக்காது, அதனால்தான் அது அமுங்குவதில்லை. மவுஸ் வைத்து வேலை செய்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. லேப்டாப்பை மூடி மேஜையில் வையுங்கள். நாலு மூலையிலும் விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆடினாலோ, கீழ் மூடிக்கும் மேல் பாகத்துக்கும் நடுவே முன்பு இல்லாத இடுக்கு தெரிந்தாலோ, சந்தேகமே வேண்டாம். ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, பக்கத்தில் உள்ள சர்வீஸ் கடையில் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். அமுக்கிப் பார்ப்பது, ஊசியால் குத்தி "காற்றை எடுப்பது" இரண்டும் கூடவே கூடாது. அப்படிச் செய்த ஒருவரின் பெஞ்சில் கருகிய வட்டத்தைப் பார்த்திருக்கிறேன். அதுவும் நீங்கள் இருப்பது தாள் கட்டுகள் அடுக்கிய வீட்டில். புதுப் பேட்டரி வரும்வரை அவசர வேலை இருந்தால், பெரும்பாலான மாடல்கள் பேட்டரி இல்லாமல் அடாப்டரிலேயே ஓடும். கரண்ட் போனால் அந்த நொடியே அணைந்துவிடும், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை சேவ் செய்துகொள்ளுங்கள்.

இனி உங்கள் கேள்வி.

காலையில் கோலம் போட்டு முடிக்கும் வரை அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். நாளைக்கு ஆன் செய்து டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாக வந்தால் கீழே 'மோர் டீட்டெயில்ஸ்' என்பதைத் தட்டுங்கள். மேலே வரிசையாக சிபியு, மெமரி, டிஸ்க் என்று மூன்று சதவீதங்கள் தெரியும். சிபியு பத்து, இருபது என்று சோம்பலாக நிற்கும்; டிஸ்க் மட்டும் நூறில் சிவந்துபோய் இறங்கவே இறங்காது என்பது என் ஊகம். ஐ5 சும்மா உட்கார்ந்து ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது. பந்தி நிறைய ஆள் உட்கார்ந்திருக்க, பரிமாற ஒரே ஆள் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி.

அந்த ஆள் ஏன் மெதுவாக ஓடுகிறார் என்பதற்கும் கணக்கு உண்டு. உங்கள் லேப்டாப்பில் இருப்பது அநேகமாக நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றும் வட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. வேண்டிய இடம், தகவலைப் படிக்கும் முள்ளுக்கு நேரே வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், முள் நகரும் நேரம் தனி. இப்படி விநாடிக்கு நூறு இடத்தைத் தொட்டாலே அது கெட்டிக்கார டிஸ்க். சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி அதே விநாடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். உங்கள் தொழிலில் இந்த வித்தியாசம் மற்றவர்களைவிடப் பல மடங்கு கடிக்கும். காரணம் ஃபான்ட். டிடிபி வேலை செய்பவர்கள் கொண்டுவரும் மெஷினைத் திறந்தால் ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் இரண்டாயிரத்துக்குக் குறையாமல் கிடக்கும். யாரோ சிடியில் கொடுத்தது, யாரோ பென் டிரைவில் கொடுத்தது, 'இதுவும் இருக்கட்டும்' என்று ஒட்டுமொத்தமாகப் போட்டது. கோரல் திறக்கும்போது அந்தக் கூட்டம் முழுவதையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும். சின்னச் சின்னக் கோப்புகள், ஆயிரக்கணக்கில், வட்டின் ஆளுக்கொரு மூலையில். பேஜ்மேக்கர் திறக்க நேரம் எடுத்தால் அதற்கும் பாதிக் காரணம் அதுதான். கடந்த இரண்டு வருஷத்தில் ஒரு பத்திரிகையில்கூடப் பயன்படுத்தாத ஃபான்ட்களை ஒரு தனி ஃபோல்டரில் எடுத்து வைத்துவிட்டு, சிஸ்டத்திலிருந்து நீக்குங்கள். காசில்லாத மராமத்து.

கோரலும் போட்டோஷாப்பும் சேர்ந்தால் நிற்பதற்குக் காரணம் ரேம். 4 ஜிபியில் ஏறக்குறைய பாதியை விண்டோஸே உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் இரண்டு பெரிய புரோகிராம் இடம் கேட்டால், விண்டோஸ் ரேமில் இருப்பதைத் தூக்கி ஹார்ட் டிஸ்க்கில் எழுதி இடம் பண்ணும், மறுபடி எடுத்துவரும். ஆக அதுவும் கடைசியில் அந்த வட்டின் தலையிலேயே வந்து விழுகிறது.

கடையில் பட்டனைத் தொட்டதும் திறந்ததே அந்த 'ஏஐ லேப்டாப்', அந்த ஆசைக்குக் காரணமும் இதுவே. இன்று விற்கும் புது லேப்டாப் ஏறக்குறைய எதை எடுத்தாலும் உள்ளே இருப்பது எஸ்எஸ்டி. நீங்கள் கண்ணால் பார்த்த வேகத்தின் பெரும்பங்கு அதனுடையது. அதை மட்டும் தனியாக விலைக்கு வாங்கி உங்கள் பழைய பெட்டிக்குள் வைக்க முடியும். ஏஐ என்ற எழுத்துக்கு அர்த்தம், ஏஐ கணக்குகளுக்கென்று தனியாக ஒரு பகுதி சிப்பில் இருக்கிறது என்பதுதான். 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7-க்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பத்திரிகைக்குப் பிள்ளையார் படம் ஏஐ-யில் செய்ய வேண்டுமா, அது எங்கோ இருக்கும் சர்வரில் நடக்கும். உங்கள் பிரவுசர் திறந்தால் போதும்.

ஆகவே என் முடிவு: இப்போது வாங்க வேண்டாம். பேட்டரி, எஸ்எஸ்டி, ரேம் மூன்றையும் இந்த மாதமே மாற்றுங்கள். அடுத்த தை மாதம் புதுசு வாங்குங்கள். ஆமாம், வாங்கத்தான் வேண்டும். உங்கள் மகன் சொல்வது முழுக்கத் தவறில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எஸ்எஸ்டியில் 500 ஜிபி போதும். பழைய ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கும் அதே குழியில் உட்காரும் இரண்டரை அங்குல 'சாட்டா' வகையைக் கேளுங்கள். கடைக்காரர் "என்விஎம்இ போடுங்க, அது ஏழு மடங்கு ஸ்பீடு" என்பார். அது எஸ்எஸ்டியிலேயே இன்னொரு வகை. பெரிய ஒற்றைக் கோப்பை நகல் எடுக்கும்போது அவர் சொல்வது உண்மை. ஆனால் 2017 மாடல்களில் அதற்கான இடம் சிலவற்றில் கிடையாது, சிலவற்றில் இடம் இருந்தும் சாட்டாவை மட்டுமே ஏற்கும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரும் உங்களுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கையில் தெரியாது.

புதிதாக விண்டோஸ் போட்டுத் தரட்டுமா, பழைய டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து க்ளோன் செய்யட்டுமா என்று கேட்பார்கள். மற்றவர்களுக்கு நான் எப்போதும் புதிதாகத்தான் போடச் சொல்வேன், குப்பை போகும். உங்களுக்கு க்ளோன். ஏனென்றால் பேஜ்மேக்கர் பெரிய படங்களைத் தன் கோப்புக்குள் வைத்துக்கொள்வதில்லை. எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில் இருந்தது என்ற விலாசத்தை வைத்துக்கொண்டு அங்கே போய்த் தேடும். விலாசம் மாறினால் எட்டு வருஷத்துப் பத்திரிகைகளைத் திறக்கும்போதெல்லாம் "படம் எங்கே?" என்று கேட்டு நிற்கும். க்ளோனில் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும், டாங்கிள் டிரைவர் உட்பட. 1 டிபியில் 400 ஜிபிக்கு மேல் நிரம்பியிருந்தால், பழைய வேலைகளை முதலில் வெளி டிரைவில் இறக்கிவிடுங்கள். கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டுத் தரச் சொல்லி, மூன்று மாதம் அதில் எதையும் அழிக்காமல் பீரோவில் வையுங்கள். அதற்கு முன்னால் ஒன்று: இப்போது அந்த டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வருகிறதா? வந்தால் க்ளோன் வரைக்கும் காத்திருக்காதீர்கள், நடப்பு வேலைகளை இன்றைக்கே பென் டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள்.

ரேம் விஷயத்தில் மட்டும் நேரம் சரியில்லை. 2025-ன் பின்பாதியிலிருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கு வாங்கிக் குவிப்பவர்களுக்கே தயாரிப்பாளர்கள் முதல் பந்தி போடுகிறார்கள். க்ருஷியல் என்ற பெயரில் நாம் வாங்கிக்கொண்டிருந்த சில்லறை வியாபாரத்தை மூடுவதாக மைக்ரான் நிறுவனமே 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. அதனால் புத்தம்புது ரேமுக்குப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். வேறு மெஷினில் கழற்றிய நல்ல 4 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒன்று கிடைத்து, உங்கள் போர்டில் காலி ஸ்லாட் இருந்தால் மொத்தம் 8 ஆகும். இன்றைய வேலைக்கு அது போதும். இந்த ரேம் நாளைய புது லேப்டாப்புக்குப் பெரும்பாலும் பொருந்தாது என்பதையும் மனதில் வையுங்கள். எஸ்எஸ்டி அப்படியல்ல, என்றைக்கும் வெளி டிரைவாக உங்களோடு வரும். மூன்றும் சேர்ந்து, கடையில் சொன்ன 68,000-ல் கால் பங்கைத் தாண்டினால் ரேமை விட்டுவிடுங்கள். எஸ்எஸ்டியை விடாதீர்கள். பேட்டரி பற்றி மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்து ஓடும் மெஷினை ஏன் தையில் மாற்றச் சொல்கிறேன்?

விண்டோஸ் 10 பற்றிக் கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. அதற்காக மெஷின் நின்றுவிடாது, மறுநாளே வைரஸ் வரிசையில் வந்து நிற்காது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் மாதாந்தர அப்டேட் வராது. ஓட்டைகள் ஒவ்வொன்றாகச் சேரும். ஆனால் வீட்டு உபயோகக் கணினிகளுக்கு ஒரு வருஷ நீட்டிப்பு உண்டு, 2026 அக்டோபர் 13 வரை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போனால் 'என்ரோல்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை அனுமதித்தால் காசில்லை. வேண்டாம் என்றால் 30 டாலர். பொத்தான் தெரியாவிட்டால் உங்கள் விண்டோஸ் 22எச்2 பதிப்புதானா என்று பாருங்கள், அதற்கு முந்தையவற்றுக்கு இது கிடையாது. இதைக் கடையில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமா என்றால், உங்கள் ஐ5 வேலிக்கு வெளியே நிற்கிறது. இன்டெல்லில் ஏறத்தாழ எட்டாம் ஜெனரேஷனிலிருந்துதான் மைக்ரோசாஃப்டின் பட்டியல் தொடங்குகிறது. நீங்கள் வாங்கிய அதே 2017-ல்தான் எட்டாவது வந்தது. ஒரு வருஷம் தள்ளி வாங்கியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. அது யாருக்குத் தெரியும் அப்போது! "நான் 11 ஏத்தித் தர்றேன்" என்று சொல்லும் பையன்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். ஏறும், நானே ஏற்றியிருக்கிறேன், வீட்டில் சும்மா கிடக்கும் மெஷினில். ஆதரவில்லாத கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. காலண்டர் ஓடும் மெஷினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆக அக்டோபர் 13 வரை கவலையில்லை. ஆனால் அது எங்கே வந்து விழுகிறது பாருங்கள். ஆடிப்பெருக்கன்று புது மாதிரிகள் அடங்கிய காலண்டர் ஆல்பம் வெளியிட்டதும் ஆர்டர் வரத் தொடங்கும், மார்கழி முடியும்வரை உங்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. அக்டோபர் 13 நட்ட நடு சீசன். அன்றைக்கு மெஷின் மாற்றுகிறேன் என்று இறங்கினால் ராசிபலன் பக்கமும் கௌரி பஞ்சாங்கமும் தெருவில் நிற்கும். அதனால் அக்டோபரிலிருந்து தை வரை அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை, ஜிஎஸ்டி லாகின் எதையும் செய்யாதீர்கள். அதெல்லாம் போனில் இருக்கட்டும். பார்ட்டி அனுப்பும் மேட்டரையும் படத்தையும் போனில் வாங்கி, கேபிளில் இறக்குங்கள். நெட்டே இல்லாத பேஜ்மேக்கர் மெஷினுக்கு மூன்று மாதத்தில் ஒன்றும் ஆகிவிடாது.

"அப்படியென்றால் ஆடிக்கு முன்னாலேயே வாங்கிவிடலாமே, நாலு மாதம் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். 2019-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன். பத்திரிகை வேலை செய்யும் ஒருவருக்கு வைகாசி முகூர்த்தங்களுக்கு நடுவே புது மெஷின் வாங்கிக் கொடுத்து, ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன். ஃபான்ட்களைத் திரும்ப ஏற்றும்போது ஒரே பெயரில் இரண்டு ஃபான்ட் கோப்புகள் இருந்தன. ஒன்று பழைய பதிப்பு, ஒன்று புதியது. விண்டோஸ் "மாற்றட்டுமா?" என்று கேட்டது, நான் "சரி" என்று தட்டினேன். புதிய பதிப்பில் ஸ்ரீ என்ற எழுத்து வேறொரு கீயில் உட்கார்ந்திருந்தது. ஐந்நூறு பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவும்போதுதான் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கண்ணில் பட்டது. திரும்ப அச்சடித்த செலவில் பாதி என் கையிலிருந்து போனது. பாக்கிப் பாதியை அந்த டிடிபிக்காரர் என்னிடம் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார், அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் டிடிபிக்காரர்களுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: பழைய மெஷினும் புது மெஷினும் ஒரு மாதம் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே பைலை இரண்டிலும் பட்டர் ஷீட்டில் அடித்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். வரி ஒரு மயிரிழை தள்ளினாலும் தெரிந்துவிடும். அதற்குப் பழைய மெஷின் உயிரோடு, வேகமாக, நம்பிக்கையாக ஓட வேண்டும். இன்றைக்கு அது இருக்கும் நிலையில் அதைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கும் பொறுமை யாருக்கும் வராது. பங்குனி, சித்திரையும் முகூர்த்தமும் நோட்டீசுமாக உங்களுக்கு வேலை உள்ள மாதங்கள். தையில் காலண்டர் முடிந்து கொஞ்சம் ஓயும். ரேம் சூட்டில் லேப்டாப் விலையும் சேர்ந்து ஏறியிருக்கிறது. தைக்குள் இறங்கிவிடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இறங்காவிட்டாலும் அவசரத்தில் வாங்குவதைவிட நிதானமாக வாங்குவது உங்களுக்கு மலிவு.

தையில் கடைக்குப் போகும்போது சில விஷயங்கள்.

முதலில் ஒரு கேள்வி: இந்த லேப்டாப்பைக் கடைசியாக எப்போது வீட்டைவிட்டு வெளியே எடுத்துப் போனீர்கள்? சர்வீஸுக்கு என்பதுதான் பதில் என்றால், உங்களுக்கு வேண்டியது டெஸ்க்டாப்பும் ஒரு யுபிஎஸ்ஸும். அதே பணத்துக்குப் பெரிய திரை வரும், ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம். 2017-ல் அந்த விலைக்கு வந்த லேப்டாப் திரைகள் பெரும்பாலும் 1366-க்கு 768. முழுப் பக்கத்தையும் பார்க்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை பெரிதாக்கி, சிறிதாக்கி, மேலே கீழே நகர்த்துகிறீர்கள்? புதிய மெஷின் உங்களுக்கு உண்மையாகத் தரப்போகும் லாபம் திரையில்தான் இருக்கிறது. அது தைவரைகூடப் பொறுக்க வேண்டியதில்லை. 22 அல்லது 24 அங்குல மானிட்டர் ஒன்றை எச்டிஎம்ஐ கேபிளில் இப்போதே இந்தப் பழையதில் செருகலாம், பிறகு புதிதிலும் அதுவே ஓடும். என்னைக் கேட்டால் ரேமுக்கு முன்னால்கூட இதைச் செய்வேன்.

லேப்டாப்தான் வேண்டுமென்றால், அட்டையில் 'ஸ்னாப்டிராகன்' என்று எழுதியிருப்பதைத் தொடாதீர்கள். நல்ல சிப்தான், பேட்டரி நிறைய நேரம் நிற்கும், என் தம்பியே வைத்திருக்கிறான். ஆனால் அது வேறு ஜாதி சிப். பழைய புரோகிராம்களை மொழிபெயர்த்து ஓட்டும், டிரைவர்களை அப்படி ஓட்டாது. அதற்கென்றே எழுதிய டிரைவர் இல்லாத டாங்கிள் அதில் வெறும் பிளாஸ்டிக் துண்டு. இன்டெல் அல்லது ஏஎம்டி கேளுங்கள். அதிலும் டாங்கிளைப் பையில் போட்டுக் கடைக்கே கொண்டுபோங்கள். விண்டோஸ் 11-க்கு டிரைவர் உண்டா என்று அந்த சாஃப்ட்வேர் விற்றவரிடம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பேஜ்மேக்கர் 7 முப்பத்திரண்டு பிட் புரோகிராம், அந்த வகையை விண்டோஸ் 11 இன்னும் ஓட்டுகிறது. கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் வழிக்கு வரும். 95, 98 காலத்துப் பதினாறு பிட் கீபோர்டு டிரைவர் ஏதாவது இன்னும் வைத்திருந்தால் மட்டும் அது ஓடவே ஓடாது.

ரேம் 16 ஜிபி, அதுவும் பின்னால் கூட்ட ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். பல மெலிசான மாடல்களில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி' என்று போட்டிருப்பது உங்களுக்கு முக்கியம். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தால் குங்குமச் சிவப்பு செங்கல் நிறத்தில் தெரியும். அதே நேரம் 2.8கே, 3கே என்ற மிக நுணுக்கமான திரைக்குக் காசு கொடுக்காதீர்கள். பேஜ்மேக்கர் போன்ற பழைய புரோகிராம்களின் மெனுவும் ஐகானும் அதில் ஒன்று எறும்பு சைஸில் வரும், இல்லையென்றால் மங்கலாக வரும்.

செலவு இடித்தால், கம்பெனிகளில் குத்தகை முடிந்து வெளியே வரும் லேப்டாப்புகளையும் பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் இது பெரிய வியாபாரம், மதுரையிலும் கிடைக்கும். கெட்டியான உடம்பு, மாற்றக்கூடிய பாகங்கள். பத்தாம், பதினோராம் ஜெனரேஷனுக்குக் கீழே போகாதீர்கள். கடையிலேயே ஆன் செய்து, விண்டோஸுக்கு முன்னால் வரும் பயாஸ் என்ற செட்டிங்ஸ் திரைக்குள் நுழையச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்தப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். புதிதோ பழையதோ, உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்ல மறக்க வேண்டாம். புது லேப்டாப்பில் 18 சதவீதம் வரி இருக்கிறது, விட்டுக்கொடுக்கிற தொகை இல்லை.

பழையதற்கு 4,000 தருகிறேன் என்ற எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். அந்த டிஸ்க்கில் எட்டு வருஷத்துக் கல்யாணங்களின் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் கிடக்கிறது.

பேத்திக்குத் தாராளமாகக் கொடுக்கலாம், தைக்குப் பிறகு, உப்பிய பேட்டரி மாற்றிய உடம்போடு. எஸ்எஸ்டியை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடச் சொல்லுங்கள். காசில்லை, அப்டேட்டும் வந்துகொண்டிருக்கும். அரசு 2011-ல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா லேப்டாப்புகளில் சிலவற்றை இன்னும் என் கடைக்கு எடுத்து வருகிறார்கள், லினக்ஸ் போட்டு வாங்கிப் போகிறார்கள். உங்களுடையது அவற்றைவிட எவ்வளவோ இளசு. தமிழ் யூனிகோடு அதில் தொடக்கத்திலேயே இருக்கும், தமிழ்99 கீபோர்டும் உண்டு. நீங்கள் பழகிய டைப்ரைட்டர் முறையையே அவளுக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அவள் தமிழ்99-ல் பழகட்டும்.